தடை செய்யப்பட்ட வேர்

1978-இல் சிங்கப்பூர் ஒரு வேரைத் தடை செய்தது. கஞ்சாவோ அபினோ இல்லை. சீன மருந்துக்கடைகளின் மர இழுப்பறைகளில் நூற்றாண்டுகளாகக் கிடந்த, கோழிக்கால் நகம் போல வளைந்த, உடைத்தால் உள்ளே பளீரென்ற மஞ்சள் நிறம் காட்டும் ஒரு சின்ன வேர். மாண்டரினில் ஹுவாங் லியன். அதோடு ஹுவாங் பாய் என்ற மரப்பட்டையும் சேர்ந்து போனது. இரண்டுக்கும் பொதுவானது பெர்பெரின் என்ற மஞ்சள் நிற ஆல்கலாய்டு. தடையின் உண்மையான இலக்கு அதுதான்.

அதே பெர்பெரின் இன்று கேப்ஸ்யூலாக, வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் 'இயற்கைத் துணை உணவு' என்ற பெயரில் இணையத்தில் விற்கிறது. 2023-இல் டிக்டாக்கில் அதற்கு 'இயற்கையின் ஓசெம்பிக்' என்று பட்டப்பெயர்கூட வைத்தார்கள். அப்பாவின் கைக்கும் ஒரு டப்பா வந்து சேர்ந்தது. அதன் பின்பக்கத்தைப் படித்து, பெயரைத் தேடப் போய்த்தான் இந்த 1978 கதை எனக்குத் தெரியவந்தது. நான் படித்தது பொறியியல். மருத்துவ ஆலோசனை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு பொருள் ஒரே ஊரில் நஞ்சாகவும், பிறகு மருந்தாகவும், பிறகு சப்ளிமெண்டாகவும் எப்படி மாறியது என்பது வரலாறு. அதைச் சொல்லலாம்.

முதலில் கசப்பு. ஹுவாங் லியன் எவ்வளவு கசக்கும் என்பதற்குச் சீனத்தில் ஒரு பழமொழியே இருக்கிறது. ஊமை ஹுவாங் லியன் தின்றானாம், கசப்பை வெளியே சொல்ல முடியவில்லையாம். நம் 'ஊமை கண்ட கனவு'க்குப் பக்கத்து வீட்டுக்காரர். நம்மூரில் ஊமைக்குக் கனவாவது கிடைத்தது.

இந்தக் கசப்பைத்தான் பிறந்த குழந்தைக்குப் புகட்டினார்கள். தாயின் வயிற்றில் இருந்தபோது குழந்தைக்குள் சேர்ந்த 'கருநஞ்சு' வெளியேற வேண்டும் என்பது நம்பிக்கை. ஹுவாங் லியனைக் கொதிக்கவைத்து, அந்த நீரைச் சில துளிகள் நாக்கில் விடுவார்கள். கர்ப்பிணிகளும் குடித்தார்கள். தென்சீனத்திலிருந்து இங்கே வந்த குடும்பங்களில் இது சாதாரணம். நமக்கும் இது அந்நியமில்லை. வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய் என்று கல்லில் உரசி, பாலில் குழைத்துக் கொடுக்கும் உரைமருந்து தமிழ்ப் பாட்டிகளின் கைமருந்து. இரண்டு சமூகமும் பிறந்த குழந்தையைச் சுத்தம் செய்யப்பட வேண்டிய உயிராகவே பார்த்திருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், பிறந்த குழந்தைக்கு இயல்பாகவே கொஞ்சம் மஞ்சள் அடிக்கும். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் கழிவு உருவாகிறது. பெரியவர்களின் ஈரல் அதை வெளியேற்றிவிடும். சிசுவின் ஈரல் இன்னும் அதற்குப் பழகவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில நாட்களில் சரியாகிவிடும். சில குழந்தைகளுக்கு மட்டும் அளவு மீறி ஏறும், ஏறி மூளைக்குள் போய்ப் படியும். ஆங்கில மருத்துவம் இதை கெர்னிக்டரஸ் என்கிறது. பிழைத்த குழந்தைகள் பலருக்குக் காது கேட்காது, கைகால்கள் கட்டுப்பாடின்றி முறுக்கிக்கொள்ளும். மூளையில் நேர்ந்த சேதத்தைத் திருப்ப முடியாது.

1950களிலும் 60களிலும் சிங்கப்பூரில் இது அரிதான நோயாக இருக்கவில்லை. அந்தக் காலத்தில் ஊரின் பிரசவங்களில் பெரும்பகுதி நடந்தது கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். தேக்காவுக்குள்ளேயே, ஹாம்ப்ஷயர் சாலையில் இருந்த பழைய கட்டடம். மலாயில் பெயரின் பொருள் எருமைக் கொட்டில். கால்நடை வணிகத்தில் தமிழர்களும் இருந்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். 1966-இல் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன, உலகிலேயே ஒரு மருத்துவமனையில் மிக அதிகம் என்று கின்னஸில் ஏறியது. ஒரு நாளைக்கு 100-க்கு மேல். இன்று அந்தக் கட்டடத்தில் தரைவழிப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. பேருந்துத் தடம் பற்றிய கூட்டங்கள் நடக்கும் இடத்தில்தான் நம் அப்பா அம்மாக்களில் பாதிப்பேர் முதல் மூச்சை விட்டிருக்கிறார்கள்.

இந்தக் குழந்தைகளின் மஞ்சளைத் துரத்தியவர் குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹோக் பூன். அதுவரை உலகப் பாடநூல்கள் சொன்ன முக்கியக் காரணம் ஆர்எச் இரத்தப் பொருத்தமின்மை. அது ஐரோப்பியர்களிடம் அதிகம். இங்கே ஆர்எச் நெகட்டிவ் இரத்தமே அபூர்வம், குழந்தைகளோ மஞ்சளாகிக்கொண்டிருந்தன. அப்படியானால் காரணம் வேறு. 1956-இல் அமெரிக்காவில், பிரைமாகுவின் என்ற மலேரியா மாத்திரை சிலருடைய இரத்தத்தை மட்டும் ஏன் உடைக்கிறது என்று தேடியவர்கள் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள். சிவப்பணுவைக் காக்கும் நொதி அது. அது குறைவாக உள்ளவர்கள் சாதாரண நாட்களில் நலமாகவே இருப்பார்கள். குறிப்பிட்ட சில பொருட்கள் உடலில் பட்டால் அணுக்கள் மளமளவென உடையும். மலேரியா நிலவிய நிலங்களில் தலைமுறைகளாகத் தேங்கிய மரபுப் பண்பு. சிங்கப்பூரில் சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் கூடுதல், இந்தியர்களிடம் குறைவு. எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளைத்தான் அதிகம் பிடிக்கும்.

சிங்கப்பூரின் மஞ்சள் குழந்தைகளில் பலருக்கு இந்தக் குறைபாடு இருந்தது. தூண்டிவிட்டவை எவை என்று பார்த்தால் வீட்டுக்குள்ளேயே இருந்தன. துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டை ஒன்று. சில சீன மூலிகைகள் மற்றொன்று. 1965-இலிருந்து பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்திலும் ஜி6பிடி சோதிக்கப்பட்டது. குறைபாடு உள்ள குழந்தையைப் பல நாட்கள் மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்துருண்டைக்கும் மூலிகைக்கும் எட்டாத இடத்தில் ஆபத்தான நாட்கள் கழியட்டும் என்று. உலகில் இதை நாடு முழுக்கச் செய்த முதல் இடங்களில் ஒன்று சிங்கப்பூர். கெர்னிக்டரஸ் மளமளவெனக் குறைந்து, ஏறத்தாழ மறைந்தே போனது.

1965 என்றதும் நமக்கு வேறொரு காட்சிதான் நினைவுக்கு வரும், தொலைக்காட்சியில் கண்ணீர். அதே ஆண்டில், சத்தமில்லாமல், தொப்புள்கொடி இரத்தத்தைக் குழாயில் பிடித்துக்கொண்டிருந்த தாதியரையும் கொஞ்சம் நினைக்கலாம். இங்கே பிறந்தவர்கள் வீட்டில் பழைய சுகாதாரப் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தடுப்பூசிப் பட்டியலுக்கு அருகில் ஜி6பிடி என்று ஒரு வரி இருக்கும். என்னுடையதில் 'இயல்பு' என்று டிக் போட்டிருக்கிறது. இருபத்துச் சொச்சம் ஆண்டுகளாக அந்த வரியை நான் கவனித்ததே இல்லை.

இந்தப் பின்னணியில்தான் 1978 தடை வந்தது. தீவின் மேற்கே கிளமெண்டியில் வீவக புளோக்குகள் எழும்பிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்கு ஒரு தலைமுறை குடிமாறிக்கொண்டிருந்தது. வீடு மாறியவர்களோடு பாட்டியின் மருந்துப்பொட்டலமும் மாடியேறியிருக்கும். ஹுவாங் லியன் மட்டும் சட்டப்படி ஏற முடியாமல் போயிற்று.

தடைக்கு ஆதாரம் எவ்வளவு திடமாக இருந்தது என்பது நியாயமான கேள்வி. குற்றச்சாட்டு உண்மையில் இரண்டு. ஒன்று, ஜி6பிடி குறைந்தவர்களின் சிவப்பணுவைப் பெர்பெரின் உடைக்கிறது. மற்றொன்று, உடைந்து வந்த பிலிருபினை அது அவிழ்த்துவிடுகிறது. இரண்டாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இரத்தத்தில் பிலிருபின் தனியாகத் திரிவதில்லை, ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு போகும். ஒட்டியிருக்கும்வரை மூளைக்குள் நுழைய முடியாது. வேறொரு மூலக்கூறு வந்து ஆல்புமினில் அதன் இருக்கையைப் பிடித்துக்கொண்டால், எழுப்பிவிடப்பட்ட பிலிருபின் மூளையை நோக்கி நடக்கும். பெர்பெரின் அப்படி இருக்கை பிடிக்கும் பேர்வழி என்பதை ஆய்வகத்தில் காட்டிய கட்டுரை 1993-இல் வந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து. கிளமெண்டியிலிருந்து பேருந்தில் ஏறினால் பத்து நிமிடத்தில் போய்விடும் கென்ட் ரிட்ஜ் வளாகம். தடை வந்து 15 ஆண்டுகள் கழித்து! முதல் குற்றச்சாட்டு, அதாவது அணுவை உடைப்பது, அப்போதும் அவ்வளவு உறுதியாக நிறுவப்படவில்லை.

ஆனாலும் 1978-இல் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் நானும் தடைக்குத்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன். அன்று சீன மருத்துவருக்கு அரசுப் பதிவு கிடையாது. மருந்துப் பொட்டலத்தில் உள்ளடக்கம் எழுத வேண்டிய கட்டாயமில்லை. கடைக்காரர் வாங்குபவரிடம் 'வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா' என்று கேட்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. இடுக்கி இல்லாதவன் கையில் சம்மட்டிதான் இருந்தது. எனக்கு இடறுவது, சம்மட்டியைக் கீழே வைக்க ஆன காலம்தான்.

இங்கே கதையை நிறுத்திவிட்டு இதயத்துக்கு வர வேண்டும். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு மஞ்சள் குழந்தை பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. நம் பிரச்சினை வேறு. 1959-இல் அமெரிக்கன் ஹார்ட் ஜர்னலில் சிங்கப்பூரிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. பிணக்கூறாய்வுப் பதிவேடுகளைப் புரட்டி, எந்த இனத்தவர் இதயத் தமனி நோயால் அதிகம் இறந்திருக்கிறார்கள் என்று எண்ணிய கட்டுரை. எழுதிய குழுவின் முதல் பெயர் டி. ஜே. தனராஜ். பின்னர் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தின் முதல் தலைவரானவர். முடிவு, சீனர்களைவிட இந்தியர்களிடம் பல மடங்கு அதிகம். தெற்காசியர்களின் இதயம் பற்றி உலகம் இன்று பேசுவதற்கெல்லாம் மிக முந்தைய சாட்சிகளில் ஒன்று. இங்கே ஒரே ஊரில் மூன்று இனத்தவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்ததால் கிடைத்தது. அந்தப் பதிவேடுகளில் இருந்த 'இந்தியர்கள்' யார்? பெரும்பாலும் துறைமுகத்திலும், நகராட்சியிலும், கடைகளிலும் வேலைபார்த்த நம் ஆட்கள். உடலுழைப்புக்காரர்கள்.

1990-இல் ஹியூஸ் என்பவரும் சகாக்களும் 1980 முதல் 84 வரையிலான மரணங்களை எண்ணினார்கள். சீனரோடு ஒப்பிட்டால் இந்திய ஆண்கள் இதயநோயால் இறக்கும் விகிதம் 3.8 மடங்கு, பெண்கள் 3.4 மடங்கு. அதே குழுவின் அடுத்த கட்டுரைதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இந்த வித்தியாசத்தைப் புகைப்பழக்கமோ, இரத்த அழுத்தமோ, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லோ விளக்கவில்லை. நல்ல கொலஸ்ட்ரால் குறைவும் நீரிழிவும்தான் இந்தியர்களிடம் துருத்திக்கொண்டு நின்றன. அதாவது எல்டிஎல் என்ற ஒற்றை எண்ணை மட்டும் துரத்துவது நம் விஷயத்தில் பாதிக் கதை.

தமிழில் இன்னொரு குழப்பமும் உண்டு. நாம் கொலஸ்ட்ராலைக் கொழுப்பு என்கிறோம். கொழுப்பு என்றால் திமிரும்தான். 'கொழுப்பு ஏறிப்போச்சு' என்று மருத்துவர் சொன்னால் பாதி நோயாளிகள் குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். தின்னதுக்குத் தண்டனை. எனவே தண்டனையும் கசப்பாகத்தான் இருக்க வேண்டும், வெந்தயம், பாகற்காய், ஏதாவதொரு வேர். ஈரலே தினமும் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கிறது என்று சொன்னால் நம்புவதில்லை.

சரி, பெர்பெரின் எப்படிக் கொலஸ்ட்ராலுக்குள் வந்தது? அதற்கு முன்பு அது வயிற்றுப்போக்கு மருந்து. சீனாவில் ஹுவாங் லியன் சு என்ற பெயரில் மலிவான மாத்திரை. இந்தியாவிலும் அதைச் சோதித்திருக்கிறார்கள். 1967-இல் கல்கத்தாவில் லாஹிரியும் தத்தாவும் காலராவுக்கும் கடும் வயிற்றுப்போக்குக்கும் அதைக் கொடுத்துப் பார்த்து இந்திய மருத்துவச் சங்க இதழில் எழுதினார்கள். இங்கே தடை வருவதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பு, வங்காள விரிகுடாவின் மறுகரையில் அதே மூலக்கூறு உயிர்காக்கும் வேட்பாளர்.

திருப்பம் 2004-இல். பெய்ஜிங்கில் ஜியாங் ஜியான்டொங் குழு, அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து நேச்சர் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. சீன மூலிகைச் சேர்மங்களை வரிசையாக ஈரல் செல்கள்மேல் ஊற்றிப் பார்த்ததில் பெர்பெரின் தனித்து நின்றது. ஈரல் செல்லின் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உண்டு. அவற்றைக் கண்டுபிடித்ததற்குத்தான் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985-இல் நோபல் கிடைத்தது. ஸ்டாட்டின் மாத்திரைகள் செல்லுக்குள் நடக்கும் கொலஸ்ட்ரால் தயாரிப்பை முடக்கும். தட்டுப்பாடு வந்த செல், வெளியிலிருந்து இழுக்க ஏற்பிகளைக் கூட்டும். பெர்பெரின் வேறு வழியில் போகிறது. ஏற்பியைச் செய்யச் சொல்லும் ஆர்என்ஏ செய்தி சீக்கிரம் அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறது. ஓர்டர் சீட்டு கிழிக்கப்படாமல் சமையலறையில் தொங்கிக்கொண்டிருந்தால் அதே உணவு திரும்பத் திரும்ப வரும் அல்லவா, அப்படி. 32 நோயாளிகளுக்கு 3 மாதம் கொடுத்ததில் எல்டிஎல் 25% குறைந்தது என்று கட்டுரை சொன்னது.

32 பேர்தான். ஆனாலும் உலகம் திரும்பிப் பார்த்தது. சிங்கப்பூரில் மட்டும் அந்த வேர் இன்னும் தடையில்.

தடை தளர்ந்தது 2013-இலிருந்து, கட்டம் கட்டமாக. அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் இரத்தவியல் மருத்துவர் லின் யே சிங்கும் சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். நாட்பட்ட இரத்தநோய் உள்ளவர்களுக்கு, இந்த வேரும் பட்டையும் சேர்ந்த சீன மருந்துகளை அனுமதி பெற்றுக் கொடுத்துக் கண்காணித்ததில், அணுக்கள் உடைந்ததற்கான அறிகுறி இல்லை. முதல் குற்றச்சாட்டு இப்படிப் பெரிதும் நீர்த்தது. சிசுக்கள் விஷயத்தில் எச்சரிக்கை அப்படியே இருக்கிறது. இருக்கவும் வேண்டும்.

அறிவியல் மட்டும் தடையைத் தளர்த்தியதாக நான் நினைக்கவில்லை. இடையில் வேறு சில காரியங்கள் நடந்திருந்தன. சீன மருத்துவத்தை முறைப்படுத்த 1995-இல் சுகாதார அமைச்சின் குழு அறிக்கை தந்தது. 1999-இல் சீன ஆயத்த மருந்துகள் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2000-இல் சீன மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் நிறைவேறியது. பதிவுபெற்ற மருத்துவர், பட்டியலிடப்பட்ட மருந்து, பொட்டலத்தின்மேல் எச்சரிக்கை, ஒவ்வொரு குழந்தைக்கும் ஜி6பிடி முடிவு. இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் 'இன்னாருக்கு ஆகாது, மற்றவர்களுக்கு ஆகும்' என்று சொல்லும் வசதி அரசுக்குக் கிடைத்தது. வேர் மாறவில்லை, வேரைச் சுற்றி இருந்த ஊர் மாறியது.

வீட்டுக்கு வருகிறேன். அப்பாவின் எல்டிஎல் சென்ற ஆண்டு 4.1. பலதுறை மருந்தகத்தில் ஸ்டாட்டின் எழுதிக்கொடுத்தார்கள். இரண்டு மாதம் போட்டார், பிறகு டப்பா மாறிவிட்டது.

"இது என்னப்பா?"

"உங்க சித்தப்பா அனுப்பினான். செடியிலேர்ந்து எடுத்ததாம். சைடு எஃபெக்ட் கிடையாது."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இதப் போயி எதுக்குச் சொல்லணும்? இது மருந்து இல்ல ஐயா, சப்ளிமெண்ட்."

அப்பாவின் வாக்கியத்தில் சட்டப்படி தவறே இல்லை. சிங்கப்பூரில் துணை உணவுகளை விற்க சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்பும் தரமும் விற்பவரின் பொறுப்பு. ஒரு காலத்தில் சட்டவிரோதமாக இருந்த மூலக்கூறு, மருந்து என்ற பெயரைக் கழற்றிவைத்ததும் மருந்தைவிடச் சுலபமாக வீட்டுக்குள் நுழைகிறது.

'செடியிலேர்ந்து எடுத்தது' என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். ஸ்டாட்டின் மட்டும் எங்கிருந்து வந்தது? ஜப்பானில் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளை வடிகட்டி, 1973-இல் முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தது கியோட்டோவில் அரிசியில் வளர்ந்த ஒரு நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து. 1979-இல் அவரே சிவப்புப் பூஞ்சையிலிருந்து மொனாகொலின் கே என்பதை எடுத்தார். அமெரிக்காவில் மெர்க் நிறுவனம் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்து 1987-இல் லோவாஸ்டாட்டின் என்ற பெயரில் விற்கத் தொடங்கியதும் அதே மூலக்கூறுதான். ஹோக்சியூ சமூகத்தினர் கோழியும் மீசுவாவும் சேர்த்துச் சமைக்கும் சிவப்பு அரிசி மது இருக்கிறதே, அதற்கு நிறம் தரும் பூஞ்சையும் இதே குடும்பம். எனவே சிவப்பு அரிசி கேப்ஸ்யூல் விழுங்குபவர், அளவு எழுதப்படாத ஸ்டாட்டினைத்தான் விழுங்குகிறார். 2024-இல் ஜப்பானில் கோபயாஷி நிறுவனத்தின் சிவப்பு அரிசி மாத்திரைகளைச் சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, உற்பத்தியில் வேறொரு பூஞ்சை கலந்திருந்தது. இயற்கை, செயற்கை என்று நாம் போடும் கோடு மூலக்கூறுக்குத் தெரியாது.

நம் அஞ்சறைப்பெட்டிக்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2022-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் 190 பேரைப் பிரித்து, 28 நாட்களுக்குச் சிலருக்குக் குறைந்த அளவு ரோசுவாஸ்டாட்டின், சிலருக்கு வெற்று மாத்திரை, மற்றவர்களுக்கு மஞ்சள், இலவங்கப்பட்டை, பூண்டு, மீன் எண்ணெய், தாவர ஸ்டெரால், சிவப்பு அரிசி இவற்றில் ஒன்று என்று கொடுத்தது. ஸ்டாட்டின் எல்டிஎல்லை 37.9% குறைத்தது. ஆறு சப்ளிமெண்ட்களில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைத் தாண்டி எதையும் சாதிக்கவில்லை. பூண்டு சாப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் ஏறியேவிட்டது! 28 நாள் போதாது என்று வாதிடலாம், வாதிட்டார்கள். ரசத்தில் பூண்டு போடுவதை நான் நிறுத்தப்போவதில்லை, அது ரசத்துக்காக.

பெர்பெரின் இந்தப் பட்டியலில் இல்லை. நியாயமாகச் சொன்னால் அது இவற்றைவிடப் பலசாலி. 2004-க்குப் பிறகு வந்த பல சிறிய ஆய்வுகளில் எல்டிஎல் ஓரளவு குறைவது தெரிகிறது. பெரும்பாலானவை சீனாவில், சில மாதங்களே நடந்தவை. எண் குறைகிறது, சரி. மாரடைப்பு குறைகிறதா? அதைக் காட்டிய பெரிய ஆய்வு எதுவும் இல்லை. ஸ்டாட்டினுக்கு 1994-லேயே ஸ்காண்டிநேவியாவில் 4,444 இதயநோயாளிகளை ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து, இறப்பு 30% குறைந்ததைக் காட்டிவிட்டார்கள். பலசாலி என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஈரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளைப் பெர்பெரின் தடுக்கிறது. சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் இரத்தத்தில் கூடிவிடுவதை 2005-இல் சீன ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சில ஸ்டாட்டின்களையும் உடைப்பது அதே நொதிதான். சைடு எஃபெக்ட் இல்லாத பொருள் எஃபெக்ட்டும் இல்லாததாகத்தான் இருக்கும். இது வேலை செய்யும் பொருள்.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது அப்பாவோடு நானும் போனேன், டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு. மருத்துவர் இளம்பெண், மலாய்க்காரர். பெயரைப் படித்ததும் முதலில் கேட்டது கொலஸ்ட்ராலைப் பற்றி இல்லை. "வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்கிறார்களா?" ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கேள்வி இன்னும் மருத்துவக் கல்லூரியில் உயிரோடு இருக்கிறது. பிறகு அப்பா எடுக்கும் மற்ற மாத்திரைகளை வரிசையாக எழுதினார். தசைவலிக்குப் பயந்துதான் ஸ்டாட்டினை விட்டேன் என்று அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். என்னிடம்கூடச் சொல்லாத விஷயம். அளவைக் குறைத்து வேறொரு ஸ்டாட்டின் கொடுத்தார்கள்.

சொல்லாமல் விட்ட ஒன்று, மரமஞ்சள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வளரும் ஒரு பெருங்கொடி. தண்டை வெட்டினால் அதே பளீர் மஞ்சள், ஏனென்றால் உள்ளே இருப்பது அதே பெர்பெரின். குழம்புக்குப் போடும் மஞ்சளுக்கும் இதற்கும் உறவில்லை, பெயரும் நிறமும்தான் ஒன்று. சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மரமஞ்சள் உண்டு. இலங்கையில் வெனிவெல் என்ற பெயரில் கொத்தமல்லி, இஞ்சியோடு சேர்த்துக் காய்ச்சல் கசாயமாகக் குடிக்கிறார்கள், பஸ்பங்குவ என்ற ஐந்துசரக்குப் பொட்டலத்தில் ஒன்று. வெட்டி வெட்டியே காட்டில் அருகிவரும் கொடி.

சென்ற மாதம் இரண்டு கடைகளுக்குப் போனேன். கிளமெண்டி அவென்யூ 3-இல் சந்தைக்குப் பக்கத்துச் சீன மருந்துக்கடையில் ஹுவாங் லியன் கேட்டேன். கடைக்கார ஆன்ட்டி தராசை எடுக்கும் முன்பே யாருக்கு, எதற்கு, வீட்டில் பேபி உண்டா என்று ஆங்கிலமும் மாண்டரினும் கலந்து விசாரித்தார். அப்புறம் தேக்காவில் ஒரு நாட்டு மருந்துக்கடை. மரமஞ்சள் உண்டா என்றதும் பொடியாகவே எடுத்துக் கொடுத்தார் அண்ணன். பொட்டலத்தில் பெயர், எடை, விலை. முகத்துக்குப் பூசவா, குடிக்கவா, எவ்வளவு, யாருக்கு ஆகாது, ஒன்றும் அச்சிடப்படவில்லை. சீன மருத்துவருக்கு இருக்கும் பதிவுச் சட்டம் சித்த மருத்துவருக்கும் ஆயுர்வேத மருத்துவருக்கும் இங்கே இல்லை. சீன ஆயத்த மருந்துக்கு இருக்கும் பட்டியல் நம்முடையதற்கு இல்லை. அலட்சியமா, எண்ணிக்கை குறைவு என்பதாலா, நாம் கேட்காததாலா? மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் என்று தோன்றுகிறது. கேட்டால் தடைதான் வரும் என்ற பயமும் வணிகர்களிடம் இருக்கலாம். ஆனால் அந்த வேருக்குக் கண்காணிப்பு வந்த பிறகுதான் கடைக்குத் திரும்ப வழி பிறந்தது.

"என்ன தம்பி, காமாலைக்கா?" என்று கேட்டார் அண்ணன், சில்லறையைத் தந்தபடி. மஞ்சள் நோய்க்கு மஞ்சள் மருந்து. பிறந்த குழந்தைக்கு மட்டும் கொடுத்துவிடக் கூடாது என்று நான் சொன்னேன். அப்படியா என்றார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, கல்லாப்பெட்டிப் பக்கத்திலிருந்த மார்க்கர் பேனாவை எடுத்து அந்த டப்பாவின் மூடியில் 'பச்சப்புள்ளைக்கு வேணாம்' என்று எழுதிவைத்தார்.